நைட்டிங்கேல் கேட்ட படிவம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் தமையனாரை ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனையிலிருந்து சென்னையில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு மாற்ற நேர்ந்தது. பதினொரு நாள் சிகிச்சையின் விவரங்கள் அனைத்தும் ஒரு துணிப்பைக்குள் இருந்தன. ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், மருத்துவர் கையெழுத்திட்ட டிஸ்சார்ஜ் சம்மரி என எல்லாவற்றையும் ஆம்புலன்ஸில் மடிமீது வைத்துக்கொண்டு வந்தவன் நான். சேர்ந்த இடத்தில் அந்தப் பையைப் பிரித்துப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. அதே பரிசோதனைகள் முதலிலிருந்து மீண்டும் நடந்தன. செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தமையனாருக்கு ஒவ்வாத மருந்து ஒன்றின் பெயர் அந்தக் காகிதங்களில் ஒன்றின் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. அதே மருந்து இரண்டாம் நாள் இரவு அவருக்குச் செலுத்தப்பட்டது. உடல் தடித்து, மூச்சுத் திணறி, விடியும்வரை அவர் பட்ட பாட்டுக்குப் பிறகே அந்த ஓரக்குறிப்பு ஒரு மருத்துவரின் கண்ணில் பட்டது. முன்கூட்டியே கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்றால், அதுவும் இல்லை. அப்படி ஒரு குறிப்பு இருப்பது எனக்கே தெரியாது.

அன்று காலை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்த காலத்தில், ஆண்டுதோறும் அவர் வகுத்த வட்ட வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது என் வழக்கம். பள்ளிப் பாடநூல்களில் அவர் கையில் விளக்குடன் நிற்கிறார். அந்த விளக்கை ஏந்தியது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலம்தான். அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அக்காலத்தின் பெரும்பகுதியில் அவர் கையில் இருந்தவை அறிக்கைகளும் அட்டவணைகளும் படிவங்களுமே.

1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், வசதி மிக்க ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. தந்தை வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல், மகள்கள் இருவருக்கும் தாமே கிரேக்கமும் லத்தீனும் வரலாறும் கற்பித்தார். இளையவளுக்கு இவை போதவில்லை. கணிதத்தில் நாட்டம் சென்றது. அக்காலத்து மேல்தட்டுப் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்ற தயக்கம் வீட்டில் இருந்தது. செவிலியராக வேண்டும் என்ற விருப்பத்துக்கோ தயக்கம் அன்று, கடும் எதிர்ப்பே எழுந்தது. செவிலியர் பணி அன்று மதிப்பான பணியாகக் கருதப்படவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் விடியலுக்கு முன்பே எழுந்து, ஐரோப்பிய மருத்துவமனைகளின் அறிக்கைகளையும் அரசு வெளியிட்ட சுகாதார ஆவணங்களையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துக் குறிப்பெடுத்து வந்தார். காலை உணவுக்கு மணி அடித்ததும் வீட்டுப் பெண்ணாகக் கீழே இறங்கி வருவார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்று, 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 33.

கிரிமியப் போர் மூண்டது. காயமுற்ற வீரர்களின் அவலத்தை நாளேடுகள் வெளியிட, நாடே கொதித்தது. போர்த் துறைச் செயலரும் குடும்ப நண்பருமான சிட்னி ஹெர்பெர்ட் கேட்டுக்கொண்டதன்பேரில், 38 செவிலியருடன் 1854 அக்டோபரில் புறப்பட்ட நைட்டிங்கேல், நவம்பர் 4 அன்று கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்குட்டாரி படைமுகாம் மருத்துவமனையை அடைந்தார். அங்கு அவர் கண்ட அழுக்கையும் எலிகளையும் அடைபட்ட சாக்கடைகளையும் பலரும் எழுதியுள்ளனர். அதே அளவுக்கு அவரைத் திகைக்க வைத்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இறந்தவர்களைப் பற்றி அங்கு மூன்று பதிவேடுகள் இருந்தன. ஒன்று, நாள்தோறும் புதைக்கப்பட்ட வீரர்களின் பட்டியல். இரண்டாவது, மருத்துவ அதிகாரிகள் அனுப்பிய கணக்கு. மூன்றாவது, அலுவலக அறையில் எழுதப்பட்ட கணக்கு. மூன்றும் மூன்று எண்ணிக்கைகளைக் கூறின. புதைக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோர் மருத்துவ அதிகாரிகளின் கணக்கில் இடம்பெறவே இல்லை. ஒரு மனிதர் இறந்தாரா என்ற எளிய கேள்விக்கே ஒரு கூரையின் கீழ் ஒரே விடை கிடைக்கவில்லை என்றால், எந்த நோயால் இறந்தார், எத்தனை நாள் கிடந்தார், எந்தச் சிகிச்சை பலித்தது என்ற கேள்விகளைக் கேட்பதற்கே இடமில்லை.

இந்தக் குளறுபடிக்கு உயிர்களே விலையாயின. நைட்டிங்கேல் வந்து சேர்ந்த பின்னரும் குளிர்காலம் முழுவதும் ஸ்குட்டாரியில் இறப்பு ஏறிக்கொண்டே சென்றது. 1855 பிப்ரவரியில் அது நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியது. போர்முனைக்கு அருகில், வசதி குறைந்த மருத்துவமனைகளில் இருந்தவர்களுக்கு உயிர்பிழைக்கும் வாய்ப்பு இதைவிட அதிகமாக இருந்தது. கருங்கடலைக் கடந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டதே அவர்களில் பலருக்கு எமனாயிற்று. மார்ச் மாதம் வந்த சுகாதார ஆணையத்தினர் சாக்கடைகளைத் தோண்டிச் சுத்தப்படுத்தி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றுப் போக்கைச் சீர்செய்த பிறகே விகிதம் சரியத் தொடங்கியது. கோடையில் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு வந்தது. காரணம் கட்டடத்தின் அடியில் இருக்கிறது என்பதைப் போர்க்காலத்தில் நைட்டிங்கேலே முழுமையாக உணரவில்லை என்றும், தாய்நாடு திரும்பி எண்களை ஒப்பிட்ட பிறகே தெளிந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகின்றனர். எனக்கும் அது சரியெனவே படுகிறது. ஒரு மருத்துவமனையின் கணக்கை இன்னொன்றின் கணக்கோடு அருகருகே வைக்க முடிந்திருந்தால், அந்தக் குளிர்காலத்திலேயே உண்மை புலப்பட்டிருக்கும்.

1856 ஆகஸ்டில் ஆரவாரமின்றி வீடு திரும்பினார். கிரிமியாவில் பற்றிய காய்ச்சலின் விளைவுகள் பல்லாண்டுகள் அவரை விடவில்லை. பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே பணியாற்றினார். பதிவாளர் தலைமை அலுவலகத்தில் புள்ளியியல் பணியில் இருந்த வில்லியம் ஃபார் அவருக்குத் துணையானார். இங்கிலாந்தின் இறப்புக் காரணங்களை வகைப்படுத்தி ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தவர் அவர். இருவரும் சேர்ந்து கண்ட உண்மைகளுள் ஒன்று அரசையே உலுக்கியது. போர் எதுவும் இல்லாத காலத்தில், இங்கிலாந்துக்குள்ளேயே முகாமிட்டிருந்த இளம் வீரர்கள், அதே வயதுடைய பொதுமக்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் இறந்துகொண்டிருந்தனர். கிரிமியாவில் காயத்தால் மாண்டவர்களைக் காட்டிலும் நோயால் மாண்டவர்கள் பன்மடங்கு என்பதை அரசியும் அமைச்சர்களும் ஒரே பார்வையில் உணரும்படி அவர் வரைந்ததே நான் மேலே சொன்ன வட்ட வரைபடம். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

ராணுவத்தை அடுத்து அவர் பார்வை பொது மருத்துவமனைகள்மீது விழுந்தது. அங்கும் ஸ்குட்டாரியின் கதைதான். லண்டனின் பெரிய மருத்துவமனைகள் பலவும் நன்கொடையால் நடந்தவை. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி கணக்கு எழுதியது. ஓரிடத்தில் ஒரு பெயரால் குறிக்கப்பட்ட நோய் வேறோரிடத்தில் வேறு பெயர் பெற்றது. சில இடங்களில் குணமடைந்தவர்களின் எண்ணிக்கை பெரிதாக அச்சிடப்பட்டது. நன்கொடையாளர் படிப்பது அதைத்தானே!

நைட்டிங்கேல் ஒரு படிவம் வகுத்தார். ஃபாரின் நோய் வகைப்பாடு அதற்கு அடிப்படை. ஒவ்வொரு நோய்க்கும், ஆண் பெண் என்றும் வயது வாரியாகவும் பிரித்து, சில விவரங்களை மட்டும் கேட்டார். ஆண்டின் முதல் நாளில் மருத்துவமனையில் இருந்தவர்கள், ஆண்டில் சேர்ந்தவர்கள், குணமானவர்கள் அல்லது நோய் தணிந்தவர்கள், தீராத நோய் என்றோ தாமே விரும்பியோ வெளியேறியவர்கள், இறந்தவர்கள், ஆண்டின் இறுதி நாளில் எஞ்சியிருந்தவர்கள், ஒரு நோயாளி சராசரியாகத் தங்கிய நாள்கள். அவ்வளவே. கணக்கியல் அறிந்தவர்களுக்கு இது வரவு செலவு ஏட்டைப்போலத் தோன்றும். தொடக்க இருப்பும் வரவும் சேர்ந்தது, செலவும் இறுதி இருப்பும் சேர்ந்ததற்குச் சமமாக வேண்டும். ஒருவர்கூடக் காணாமல் போக முடியாது. சாகும் தறுவாயில் உள்ளவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இறப்பைக் குறைத்துக் காட்டினால், அது வெளியேறியவர்களின் வரிசையில் வந்து நிற்கும்.

1860 ஜூலையில் சர்வதேசப் புள்ளியியல் மாநாடு லண்டனில் கூடியது. நைட்டிங்கேல் மேடையேறவில்லை. அவருடைய திட்டம் அங்கு விவாதிக்கப்பட்டு, எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு நாட்டின் மருத்துவமனையில் அறிந்துகொண்டது இன்னொரு நாட்டின் நோயாளிக்குப் பயன்பட வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. அதே ஆண்டு செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பள்ளியும் தொடங்கப்பட்டது. பள்ளி நிலைத்தது, உலகெங்கும் கிளைத்தது. படிவத்துக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

லண்டனின் சில பெரிய மருத்துவமனைகள் ஓரிரு ஆண்டுகள் முயன்று பார்த்தன. 1861-ஆம் ஆண்டுக்கான அட்டவணைகள் புள்ளியியல் கழகத்தின் இதழிலும் வெளிவந்தன. பின்னர் முயற்சி தேய்ந்து மறைந்தது. வேலைப்பளு மிகுதி, செலவு மிகுதி, வகைப்பாடு மருத்துவர்களுக்கு உடன்பாடில்லை என்ற காரணங்கள் சொல்லப்பட்டன. இவற்றைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. படிவத்தை நிரப்புகிற எழுத்தருக்குச் சம்பளம் கொடுப்பது அந்த மருத்துவமனை. அதனால் பயன்பெறுவதோ வேறொரு மருத்துவமனை, வேறொரு நோயாளி, அல்லது பத்து ஆண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் ஒரு குழந்தை. செலவு செய்பவர் ஒருவர், பலனடைபவர் வேறொருவர் என்றால் அந்தச் செலவைச் சந்தை தானாகச் செய்யாது என்பது பொருளியலின் பாலபாடம். அந்த எழுத்தரின் சம்பளத்தை யார் தருவது என்ற கேள்விக்கு நைட்டிங்கேலிடம் உறுதியான விடை இல்லை. அவருடைய திட்டத்தின் பலவீனம் அதுவே என்பது என் கணிப்பு.

இன்னொரு சறுக்கலும் உண்டு. அவரைப் போற்றுவோர் அதை விரைவாகக் கடந்துவிடுவர். மருத்துவமனைகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஃபார் தயாரித்த அட்டவணை ஒன்று இடம்பெற்றது. அதன்படி லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 90.84. படித்தவர்கள் அதிர்ந்தனர். லண்டன் மருத்துவமனைக்குள் சென்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் பிணமாகத் திரும்பினார்களா என்ன? கணக்கு இதுதான்: 1861 ஏப்ரலில் ஒரு குறிப்பிட்ட நாளில் அம்மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்கள் 4,214 பேர், அந்த ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3,828 பேர். ஓராண்டின் இறப்புகளை ஒரு நாளின் உள்நோயாளிகளால் வகுத்துவிட்டனர். ஒரே படுக்கையில் ஓராண்டில் பத்து நோயாளிகள் மாறி மாறிப் படுத்து, அவர்களில் ஒருவர் இறந்தால், சேர்ந்தவர்களின் கணக்குப்படி விகிதம் நூற்றுக்கு 10. ஃபாரின் முறைப்படி நூற்றுக்கு 100.

லான்செட் இதழும் லண்டன் மருத்துவர்களும் சினந்தெழுந்தனர். ராணுவத்தினரின் இறப்பை ஆண்டு விகிதமாகக் கணக்கிடுவது போலவே இதுவும் என்று ஃபார் வாதிட்டார். மக்கள்தொகையியல் நோக்கில் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், நலிந்தவர்களை அதிகம் ஏற்கும் நகர மருத்துவமனையையும் அத்தகையோரைத் திருப்பி அனுப்பும் சிற்றூர் மருத்துவமனையையும் அந்த எண்ணைக் கொண்டு ஒப்பிட்டது பிழை. தொகுதியில் என்ன, பகுதியில் என்ன என்று கேளாமல் ஒரு பின்னத்தை நம்பாதீர்கள் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டியது இந்த 90.84-ஐத்தான். விவரங்களை ஓரிடத்தில் குவிப்பது எளிது. குவித்தவற்றை இணைத்துப் படிப்பவர் தவறினால், தனித்தனியாக அவை கிடந்தபோது விளையாத தீங்கும் விளையும்.

அந்தச் சூட்டுக்குப் பின் அவர் கூடுதல் கவனம் கொண்டார் என்பதைப் பிரசவங்கள் குறித்த அவருடைய ஆய்வில் காணலாம். அவர் பெயரிலான நிதியின் உதவியோடு கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நடந்துவந்த மகப்பேற்றுப் பயிற்சிப் பிரிவில் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் மடிந்தனர். ஆயிரம் பிரசவங்களுக்கு 33 என்ற விகிதம். 1867-இல் அதை மூடிவிட்டார்கள். தம் பெயரோடு தொடர்புடைய இடத்தில் நேர்ந்த இந்த மரணங்களை அவர் மூடி மறைக்கவில்லை. மற்ற இடங்களில் நிலை என்ன என்று கேட்டு, பல நாட்டுப் பிரசவ இல்லங்களிலிருந்து விவரம் திரட்டினார். நம்பத்தக்க கணக்கு எங்குமே சரியாக இல்லை என்பதே முதல் கண்டுபிடிப்பு. கிடைத்ததை வைத்து 1871-இல் அவர் வெளியிட்ட நூல், ஏழைக் குடிசையில் பெற்றெடுப்பதைவிடப் பெரிய பிரசவ இல்லத்தில் பெற்றெடுப்பது ஆபத்தானது என்று காட்டியது. மொத்த இங்கிலாந்தில் அன்று ஆயிரத்துக்குச் சுமார் ஐந்து தாய்மார்களே இறந்தனர்.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆயினும் இந்தியாவில் இருந்த ராணுவ நிலையங்கள் அனைத்துக்கும் ஒரே வினாப்பட்டியலை அனுப்பச் செய்து, குடிநீர், வடிகால், படுக்கை இடைவெளி, நோய், இறப்பு என வந்து குவிந்த விடைகளைப் படித்துத் தொகுத்தவர் அவர். 1863-இல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டியது. இந்தியாவில் பிரிட்டிஷ் வீரர்கள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்து வந்தனர் என்பது அதில் கண்டது. அடுத்த ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பத்து ஆண்டுகளில் விகிதம் 18 ஆகக் குறைந்தது என்று அவரே பின்னர் எழுதினார். வீரர்களில் தொடங்கிய அக்கறை பின்னர் குடிமக்களிடம் படர்ந்தது. தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் மாண்டுகொண்டிருந்தபோது, நீர்ப்பாசனத்துக்காக லண்டனில் வாதாடியவர்களுள் அவரும் ஒருவர். அது தனியே எழுத வேண்டிய கதை.

முதுமையிலும் எண்கள்மீதான பற்று குறையவில்லை. அரசுகள் புள்ளிவிவரங்களைச் சேகரித்து அலமாரியில் அடுக்குகின்றனவே தவிர, அவற்றைப் படிக்கத் தெரிந்த அமைச்சர்களும் அதிகாரிகளும் இல்லை என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுப் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவ 1891-இல் பிரான்சிஸ் கால்டனுடன் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அது கைகூடவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் அவருடைய தோல்விகளுள் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுவே. 1910 ஆகஸ்ட் 13 அன்று, தொண்ணூறாம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தினர் மறுத்துவிட்டனர். ஹாம்ப்ஷயரின் கிழக்கு வெல்லோ சிற்றூரில் உள்ள கல்லறையில் அவருடைய முழுப்பெயர்கூட இல்லை. இரண்டு எழுத்துகளும் இரண்டு தேதிகளும் மட்டுமே.

அவர் 1860-இல் கேட்டது பின்னர் மெதுவாக, துண்டு துண்டாக வந்தது. இறப்புக் காரணங்களுக்கான சர்வதேச வகைப்பாடு 1893-இல் உருவானது. அது இறந்தவர்களுக்கு மட்டும். மருத்துவமனையில் உயிரோடு படுத்திருப்பவரின் நோயையும் அதே பட்டியலில் சேர்க்க உலக சுகாதார நிறுவனத்தின் 1948-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 88 ஆண்டுகள்!

இன்று நம் நாட்டில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின்கீழ் 14 இலக்க எண் ஒன்று ஒவ்வொருவருக்கும் வழங்கப்படுகிறது. 2021 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தில், விவரங்கள் அவை பதிவான மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி இசைந்தால் இன்னொரு மருத்துவமனை அவற்றைப் பார்க்கலாம். நைட்டிங்கேலின் படிவத்தில் எந்த நோயாளியின் பெயருக்கும் இடமில்லை. அதனால் இசைவு என்ற கேள்வியே எழவில்லை. இன்றைய பதிவேட்டில் பெயரும் உண்டு, நோயும் உண்டு; மனநோயோ காசநோயோ வெளியே தெரிந்தால் வேலையும் திருமணமும் பறிபோகக்கூடிய சமூகம் இது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டிருக்கிறது. இவை யாவும் தேவையே. ஆனால் படுக்கை அருகே நின்று, ஒவ்வாத மருந்தின் பெயரைச் சரியான கட்டத்தில் பதிவு செய்யப்போகும் அந்த ஊழியருக்கு அதற்கென நேரமும் ஊதியமும் ஒதுக்கப்பட்டுள்ளனவா என்று நான் விசாரித்த இடங்களிலெல்லாம், தெளிவான விடை கிடைக்கவில்லை. லண்டன் மருத்துவமனைகள் 1860-களில் கேட்ட கேள்வி அதுதான்.

தமையனார் இப்போது நலமாக இருக்கிறார். அவருக்கும் 14 இலக்க எண் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதை அவர் பெரிதாக மதிப்பதில்லை. ஒவ்வாத மருந்தின் பெயரை ஓர் அட்டையில் சிவப்பு மையால் எழுதி, நெகிழி உறையிட்டு, சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்.